முத்துமாலை ஏன் கொக்கிப் பக்கமே அறுகிறது? கடைசி ஓர் அங்குலத்தில் கவனிக்க வேண்டியவை

கையால் கோர்த்த மாலை அறுந்தால், பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. கொக்கிக்குப் பக்கத்தில்தான் அறும். மாட்டும்போதும் கழற்றும்போதும் விரல் இழுப்பது அந்த இடத்தைத்தான். உலோக வளையத்தில் நூல் உரசுவதும், பிடரி வியர்வை ஊறுவதும் அங்கேதான். வீட்டிலேயே நகை செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவராக இருந்தாலும் சரி, வாங்கிப் போடுபவராக இருந்தாலும் சரி, இந்த முனை எப்படி முடிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முத்துக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்?

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி கடற்கரைக்குச் சாலை வழியே சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். கொற்கை துறைமுகமாக இருந்த காலத்திலிருந்தே முத்துக்குளிப்புக்குப் பேர்போன கடல் அது. ஆனால், அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பிறகு 1973-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது. இன்று நகைக்கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகளே.

எட்டயபுரத்தில் ஒரு வீட்டு பீரோவில் பாட்டி காலத்து இயற்கை முத்துமாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தெருவில் அறுந்து ஒரு முத்து சாக்கடைக்குள் போனால், அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்று தேடுவது லேசான காரியம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முத்தை எடை போட்டு விற்ற காலத்தில், எடை குறையக் கூடாது என்று துளையை மிகச் சிறிதாகவே போட்டார்கள். தடித்த நூல் அதில் நுழையாது. முத்து மென்மையான பொருளும்கூட. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 2.5 முதல் 4.5 வரைதான். கடினமான கம்பியில் கோர்த்தால் துளையின் விளிம்பு தேயலாம். அதனால்தான் முத்துக்குப் பட்டுநூல்.

முத்துகளுக்கு நடுவே முடிச்சு எதற்கு?

இரண்டு காரணங்கள். முத்தும் முத்தும் உரசித் தேயாது. நூல் அறுந்தாலும் மொத்த மாலையும் கொட்டாது. ஒன்றிரண்டு முத்துதான் கழலும். முடிச்சு முத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால், மாலை விறைத்து நிற்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

பட்டுநூலில் கொக்கியை மாட்டுவது எப்படி?

நூலை நேரடியாகக் கொக்கியின் வளையத்தில் கட்டினால் உரசி உரசி அறுந்துவிடும். அதைத் தடுப்பது ஜிம்ப். மெல்லிய உலோக இழையைச் சுருளாகச் சுற்றிய குழாய் இது. நூலுக்குப் போடும் உறை என்று வைத்துக்கொள்ளலாம்.

1. நூலில் மூன்று முத்துகளைக் கோர்த்து, அதன்பின் அரை சென்டிமீட்டர் அளவு ஜிம்ப் துண்டை நுழைக்கவும். நூல்முனையில் ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும்.

2. ஜிம்ப்பைக் கொக்கியின் வளையத்துக்குள் செலுத்தி, நூலைக் கடைசி முத்துக்குள் திருப்பி விடவும். இழுத்தால் ஜிம்ப் வளைந்து சின்னக் காது மாதிரி நிற்கும்.

3. அந்த முத்தை அடுத்து, மூல நூலைச் சுற்றி ஒரு முடிச்சு. அடுத்த முத்துக்குள் நுழைத்து இன்னொரு முடிச்சு. மூன்றாவது முத்துக்குள்ளும் நூலை விடவும்.

4. கடைசி முடிச்சில் நகைக்கென்றே வரும் பசையை ஊசிமுனை அளவு வைத்து, காய்ந்தபின் மிச்ச நூலை வெட்டவும். சூப்பர் க்ளூ வேண்டாம். அது காய்ந்ததும் பட்டுநூல் விறைத்து, அந்த இடத்திலேயே ஒடியும்.

முனையில் உள்ள முத்துகளில் நூல் இரண்டு முறை போகிறது என்பதைக் கவனிக்கவும். துளை போதவில்லை என்றால் மெல்லிய நூலுக்கு மாறுங்கள். பழைய முத்தின் துளையை வீட்டில் பெரிதாக்கப் பார்த்தால் விரிசல் விடும் ஆபத்து உண்டு. அந்த வேலையை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

கண்ணாடி மணி, கல் மணி என்றால்?

இவற்றின் துளை விளிம்பு கூர்மையாக இருக்கும், நூலை அறுத்துவிடும். பிளாஸ்டிக் பூசிய மெல்லிய ஸ்டீல் கம்பிதான் இவற்றுக்கு ஏற்றது. கம்பியில் முடிச்சு நிற்காது என்பதால் கிரிம்ப் எனும் குட்டி உலோக மணி தேவை. கம்பியை கிரிம்ப்புக்குள் விட்டு, கொக்கியின் வளையத்தைச் சுற்றி, மறுபடி கிரிம்ப்புக்குள் கொண்டுவந்து குறடால் நசுக்க வேண்டும். மிச்சக் கம்பியை வெட்டிவிடாமல் இரண்டு மூன்று மணிகளுக்குள் ஒளித்துவிட்டால் பிடிமானம் கூடும், கழுத்திலும் குத்தாது. மணிகளுக்கு இடையே ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். இல்லையென்றால் மாலை வளையாமல் வில் மாதிரி நிற்கும். கிரிம்ப்பைப் பட்டுநூலில் மட்டும் போடவே கூடாது. நசுக்கும்போதே நூல் அறுபடும்.

எந்தக் கொக்கி எதற்கு?

லாப்ஸ்டர் கொக்கி: தினசரி உபயோகத்துக்கு நம்பகமானது. அதை மாலையோடு இணைக்கும் சிறு வளையம்தான் பலவீனமான இடம். அந்த வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் முன்னும் பின்னுமாகத் திருப்ப வேண்டும். அகட்டி இழுத்தால் மறுபடி சரியாக மூடாது. விலை உயர்ந்த மாலை என்றால் வளையத்தைப் பத்தரிடம் கொடுத்துப் பற்றவைத்து வாங்குவது பாதுகாப்பு.

டாகில்: வளையத்துக்குள் குச்சியை நுழைக்கும் வகை. குச்சி உள்ளே போய்த் திரும்ப வேண்டும் என்பதால் அந்த முனையில் சிறிய மணிகளாகப் போட வேண்டும்.

காந்தக் கொக்கி: விரல் வலி உள்ளவர்களுக்கு வசதி. கனமான மாலைக்கு ஆகாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

பட்டுக்கயிறு: நெக்லஸ் செட்டுகளில் பின்னால் தொங்குமே, அதேதான். நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். தோலில் உலோகம் படுவதும் குறையும்.

மலிவான கொக்கிகளில் கலந்திருக்கும் நிக்கல், சிலருக்குப் பிடரியில் அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும். தோலில் படும் பொருட்களிலிருந்து வெளியாகும் நிக்கல், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. விற்பவர்கள் கொக்கி என்ன உலோகம் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

எப்போது மறுபடி கோர்க்க வேண்டும்?

மாலையைக் கிடையாக வைத்துப் பாருங்கள். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் தெரிந்தால் அது நீண்டுவிட்டது. கொக்கிப் பக்கம் நூல் கறுத்தோ பிசிறாகவோ இருந்தால் இனி போடாதீர்கள். அடிக்கடி அணியும் முத்துமாலையை வருடத்துக்கு ஒருமுறை புதுநூலில் கோர்ப்பது வழக்கம்.

சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் அடித்து முடித்தபிறகே முத்தை அணியுங்கள். கழற்றியதும் மென்மையான துணியால் துடையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் நூல் நீளும் என்பதால், துணியில் சுற்றிப் படுக்கவைப்பதே சரி. கோர்க்கக் கொடுக்கும்போது முத்துகளை எண்ணி, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.