பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

நாட்பட்ட பொருளைக் கழித்தெறிதல் எளிது. அதன்கண் உரமுள்ளதைப் பேணி, உரமற்றதை மாத்திரம் மாற்றுதல் ஆராய்ந்து செய்தற்குரியது. ஐக்கிய அமெரிக்கப் படையின் 'எம்.35' என்னும் இரண்டரைத் தொன் லொறியின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1950ஆம் ஆண்டளவில் றியோ நிறுவனத்தார் ஆக்கத் தொடங்கிய இவ்வண்டியின் மூன்று அச்சுகளும் எஞ்சினால் இயக்கப்படுவன. இரண்டரைத் தொன் என்பது கரடுமுரடான நிலத்தில் ஏற்றத்தக்க பாரத்தைக் குறிக்கும்; செவ்விய வீதியில் அதன் இருமடங்கையும் சுமக்கும். முதலில் இதற்கமைந்தது 127 பரிவலுவுடைய பெற்றோல் எஞ்சின்.

1960களில் 'பல்லெரிபொருள்' எஞ்சின் அதனிடத்தைப் பெற்றது. போர்க்களத்தில் வேண்டிய எரிபொருள் வேண்டியவிடத்துக் கிட்டும் என்பது உறுதியன்று. இவ்வெஞ்சினோ டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் ஆகியவற்றோடு, இடர்வந்துழிப் பெற்றோலையும் ஏற்கும். ஆடுதண்டின் தலையிலுள்ள குழியின் சுவரிலே எரிபொருள் படிந்து, சிறிது சிறிதாக ஆவியாகி எரிதலே இதன் நுட்பம்.

1993 முதல் 1999 வரை, பழைய வண்டிகள் பலவற்றைப் புதுக்கி 'எம்.35ஏ3' என வழங்கினர். அவற்றில் கற்றபிலர் நிறுவனத்தின் 170 பரிவலு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. எனினும் மாற்றம் எஞ்சினோடு அமையவில்லை. தானியங்கிக் கியர்ப் பெட்டியும் உடன் வந்தது. பத்து ரயர்களுக்குப் பதிலாக அகன்ற ஆறு ரயர்கள் இடம்பெற்றன. இஃது ஏன்?

அச்சைத் திருகும் வன்மை முறுக்கம் எனப்படும். வலு என்பது அத்திருகலின் விரைவையும் சேர்த்தளப்பது. பெற்றோல் எஞ்சினின் உச்ச முறுக்கம் 265 அடி இறாத்தல். கற்றபிலர் எஞ்சினுடையது 420. ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட இம்முறுக்கம் கிளச், கியர்ப் பெட்டி, பின்னச்சு என ஒவ்வோர் உறுப்பையும் கடந்தே சில்லை அடைகின்றது. தாழ்ந்த கியரில் அது மேலும் பன்மடங்காகப் பெருகும். தாங்கவியலா உறுப்பு யாதோ அதுவே முதலில் முறியும்.

விரைவும் நோக்கத்தக்கது. பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3400 சுற்றில் உச்ச வலுவைத் தரும். டீசல் எஞ்சினோ 2600 சுற்றிலேயே தரும். கியரின் விகிதத்தை மாற்றாதொழியின், வலு மிகுந்தும் வண்டியின் உச்ச வேகம் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்துபோம்.

விகிதத்தை மாற்றி வேகத்தைக் கூட்டினாலோ, பிறேக்கைப் பற்றிய கவலை எழுகின்றது. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. மணிக்கு 40 மைல் வேகத்தை 50 ஆக்கின், பிறேக் தணிக்கவேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேலாகும். ஓடும் வலுவைக் கூட்டி நிறுத்தும் வலுவை மறந்தவன், அவ்வண்டியின் பின்தட்டில் அமர்ந்து செல்வோரின் உயிரைப் பணயம் வைத்தவனாவான்.

ஆகவே எஞ்சினை மாற்ற முயல்வோர் முதலில் வினவவேண்டியது, புதியது எத்துணைப் பரிவலுவுடையது என்பதன்று. பழைய உறுப்புகள் எத்துணை தாங்கும் என்பதேயாம். அவ்வினாவுக்கு விடை கண்டமையாலேயே நாற்பதாண்டு முதிர்ந்த அமைப்புடைய ஒரு வண்டி மீண்டும் பயன்கொள்ளத்தக்கதாயிற்று.