உஷார்! பெட்டி தேடிப் போகிறீர்களா?

2018 ஜூன் 9, சனிக்கிழமை. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் நான்கு பேர் மோட்டோல் ஓடையின் நிலத்தடிக் கால்வாய்க்குள் இறங்கினார்கள். பெயர்தான் ஓடை, நகருக்குள் நுழைந்ததும் அதைச் சுரங்கத்துக்குள் அடைத்து மேலே தெருக்கள் போட்டுவிட்டார்கள். அந்த இருட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு பெட்டியைத் தேடித்தான் அவர்கள் போனார்கள். உள்ளே இருக்கும்போதே வெளியே அடைமழை பிடித்துக்கொண்டது. கால்வாயில் ஏறிவந்த வெள்ளம் அவர்களை அடித்துக்கொண்டு போனது. இருவர் பிழைத்தார்கள். இருவர் இறந்துபோனார்கள்.

அவர்கள் தேடிப்போனது புதையலும் இல்லை, பணமும் இல்லை. உள்ளே ஒரு குறிப்பேடு. அதில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும். இதுதான் ஜியோகேச்சிங். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை சுமார் நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டிய கருவிகள் ஒரே நாளில் துல்லியமாகிவிட்டன. மே 3ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே காட்டில் ஒரு வாளியை வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். சில நாட்களுக்குள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன. இந்தியாவில் குறைவுதான், சிங்கப்பூரில் நிறைய. அண்டார்டிகாவில்கூட உண்டு.

நல்ல பொழுதுபோக்கு இது. பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியே இழுக்கிறது, பெரியவர்களை நடக்க வைக்கிறது, சொந்த ஊரில் கண்ணில் படாத மூலைகளைக் காட்டுகிறது. அதனால்தான் பதறுகிறேன். விடுமுறை வந்தால் புதிதாக ஆப் இறக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறவர்களுக்கு யாரும் ஆபத்தைச் சொல்லித் தருவதில்லை.

முதலில் தண்ணீர். ஊருக்குள் இப்போது மண் தரை எங்கே இருக்கிறது? எல்லாம் சிமென்ட்டும் தாரும்தான். பெய்கிற மழை பூமிக்குள் இறங்க வழியில்லாமல் மொத்தமாக வடிகாலுக்குள் பாய்கிறது. அது உங்கள் தலைக்கு மேல்தான் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி மேட்டுப் பகுதியில் கொட்டினாலே போதும். சுரங்கத்துக்குள் இருப்பவருக்கு வானம் கறுப்பது தெரியாது. போனில் சிக்னல் இருக்காது. வெளியே நிற்பவர் எச்சரிக்க நினைத்தாலும் முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடினால் பெரிய ஆளுக்கே கால் நிற்காது. பாசி பிடித்த சுவரில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மலைமேல் பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நொடியில் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனைக் கொண்டுபோய்விட்டது. அதுவாவது திறந்தவெளி, கரையேறி ஓட இடம் இருந்தது. மூடிய கால்வாயில் ஓட இடமே இல்லை. மழைநீர் வடிகால், மதகு, பாலத்தடிக் குழாய், பாழடைந்த சுரங்கம் எதற்குள்ளும் பெட்டிக்காக இறங்காதீர்கள். வெயில் காய்கிற நாளிலும் வேண்டாம்.

“ஆபத்தான இடமாக இருந்தால் அனுமதித்திருப்பார்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நம்பிக்கைதான் மிகப் பெரிய ஆபத்து. ஒரு பெட்டியை வரைபடத்தில் சேர்ப்பதற்கு முன் அதைச் சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா, பக்கத்துப் பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்கிறதா என்று வரைபடத்தையும் எழுதிய விவரத்தையும் வைத்துப் பார்க்கிறார்கள். நேரில் போய்ப் பாறை ஆடுகிறதா, கிணற்றுச் சுவர் இடிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. நிலப்பரப்பு எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண்ணைக்கூட ஒளித்து வைத்தவரே போடுகிறார். அவர் கோடையில் போயிருப்பார். நீங்கள் ஐப்பசியில் போவீர்கள். அவருக்கு 2 ஆக இருந்தது உங்களுக்கு 5 ஆகிவிடும். 5 என்றால் கயிறு, படகு, முக்குளிப்புக் கருவி போன்ற சாதனமும் அதில் பயிற்சியும் இல்லாமல் போகக் கூடாது என்று பொருள்.

போன் திரையை நம்பி நடப்பதிலும் கவனம் தேவை. வானம் திறந்திருக்கும் இடத்திலேயே சாதாரண போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்கு விலகலாம். செங்குத்துப் பாறை, உயரக் கட்டடம், அடர்ந்த மரங்கள் இருந்தால் சிக்னல் மோதித் திரும்பி விலகல் இன்னும் கூடும். மலை விளிம்பில் நிற்பவருக்கு ஐந்து மீட்டர் என்பது பாறைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம். திரை காட்டும் “இன்னும் 40 மீட்டர்” காகம் பறக்கும் தூரம். இடையில் பள்ளத்தாக்கு இருப்பதோ தண்டவாளம் இருப்பதோ அதில் தெரியாது. பின்புறமாக நடந்துகொண்டே திரையைப் பார்ப்பவர்களையும், சாலையின் குறுக்கே குனிந்த தலையோடு போகிறவர்களையும் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. நின்று பாருங்கள், போனைப் பையில் போட்டுவிட்டு நடங்கள், மறுபடி நின்று பாருங்கள். பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்து முன்னால் ஓடவிடாதீர்கள்.

அடுத்தது கை. மேலைநாட்டு விளையாட்டை அப்படியே நம் மண்ணில் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பெட்டியைப் பெரும்பாலும் கல் இடுக்கிலோ மரப்பொந்திலோ சருகுக் குவியலுக்கு அடியிலோதான் ஒளிப்பார்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் தேளும் ஒதுங்குவதும் அங்கேதான். தெரியாத பொந்துக்குள் வெறுங்கையை விடவே விடாதீர்கள். நீளமான குச்சியால் முதலில் தட்டுங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள், கல்லைப் புரட்டினால் உங்களை நோக்கிப் புரட்டுங்கள். அப்போது அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் வெளியேறும். கணுக்காலை மூடும் ஷூவும் கையுறையும் இல்லாமல் புதருக்குள் போக வேண்டாம். மீறிப் பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நான்கு முக்கிய விஷப்பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள்.

காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். உள்ளே ஒரு பெட்டி இருக்கிறது என்று ஆப் காட்டுவது வனத்துறையின் அனுமதி ஆகாது. யானைத்தடம் எது, தண்ணீருக்குக் காட்டுமாடு இறங்கும் நேரம் எது என்று வனக்காவலருக்கும் மலைவாழ் மக்களுக்கும் தெரியும். பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு சர்வருக்குத் தெரியாது. மலையேற ஆசையா? 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியும் வருவார். அந்த வழியில் போங்கள்.

இதுவரை சொன்னது உடம்புக்கு வரும் ஆபத்து. போலீஸ் வழக்காக வரும் ஆபத்தும் உண்டு. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு காபிக்கடை வாசலில், பூத்தொட்டிக்கு அடியில் ஒருவர் எதையோ வைத்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் போலீசுக்குச் சொன்னார்கள். தெருவை அடைத்தார்கள், ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்தது, அந்தப் பொருளை வெடிக்க வைத்தார்கள். அது ஒரு ஜியோகேச்சிங் பெட்டி. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் உட்லி ரயில் நிலையத்தில் வெள்ளைப் பொடி கிடந்ததால் நிலையத்தையே மூடினார்கள். ஓட்டக் குழு ஒன்றுக்கு வழி அடையாளம் காட்ட ஒருவர் தூவிய மாவு அது. அவர் மேல் வழக்குப் போட்டு அபராதமும் விதித்தார்கள். அதே மாதம் ஹவ்காங் நிலையத்தில் பயணப் பெட்டியை விட்டுவிட்டுப் போனவருக்கும் அபராதம்தான்.

இந்த இரண்டு நாடுகளிலாவது விஷயம் உயிரிழப்பில்லாமல் முடிந்தது. நம் ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ கம்பிக்குப் பின்னால் டேப் சுற்றிய டப்பாவைச் செருகுகிறவர் ஒருவர், பார்க்கிற கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை கடத்துகிறவர்கள் என்ற வதந்தியிலேயே அப்பாவிகளை அடித்துக் கொன்ற நாடு இது. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, யாரும் கவனிக்காதபோது குனிவதுதான் இந்த விளையாட்டின் வழக்கம். கேமராவில் அது திருட்டு வேலை மாதிரியே தெரியும். கேட்பவரிடம் மழுப்பாதீர்கள். ஆப்பைத் திறந்து காட்டி, உள்ளதைச் சொல்லிவிடுங்கள். விளையாட்டின் ரகசியம் போனால் போகட்டும்.

பழைய சின்னங்கள் பக்கம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மாமல்லபுரத்துப் பாறைகளும் மதுரையைச் சுற்றியுள்ள சமணர் படுக்கைகளும் ஒளிக்கவும் தேடவும் ஆசையைத் தூண்டும். ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கிற கல்லை ஒரு டப்பாவுக்காகப் பெயர்த்துப் பார்ப்பது பாவம் மட்டுமல்ல, தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்கிறது சட்டம். இத்தகைய இடங்களுக்குப் பெட்டியே இல்லாத வகைகள் இந்த விளையாட்டில் உண்டு. கேள்விக்கு விடை எழுதினாலே கணக்கில் சேரும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தமிழர்களுக்கு ஒரு அவசரச் செய்தி. சிக்னல் இல்லாத மலையில் உதவும் என்று கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு இந்தியாவுக்கு வராதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது இங்கே சட்டவிரோதம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் அப்படி ஒரு கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணி பிடிபட்டுக் காவல் நிலையம் வரை போக நேர்ந்தது. போனில் உள்ள ஜிபிஎஸ்ஸே இந்த விளையாட்டுக்குப் போதும்.

அமெரிக்காவில் இதற்கு உறவான இன்னொரு வேட்டை நடந்தது. ஃபாரஸ்ட் ஃபென் என்பவர் 2010-இல் ராக்கி மலைத்தொடரில் ஒரு புதையல் பெட்டியை ஒளித்து வைத்தார். எண்பது வயதுக்காரர் போக முடியாத இடத்தில் தேடாதீர்கள் என்று அவரே சொல்லியும், 2020-இல் அது கிடைப்பதற்குள் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கிட்ட வந்துவிட்டோம் என்ற எண்ணம் மனிதனை எதையும் செய்ய வைக்கும். ஜியோகேச்சிங்கில் அதே வெறி, புதுப் பெட்டியை முதலில் தொட வேண்டும் என்ற போட்டியில் வருகிறது. அறிவிப்பு வந்ததும் நடு இரவில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தனியாகக் கிளம்பாதீர்கள். எந்தப் பெட்டி, அதன் குறியீடு என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். 2008-இல் ஓரிகனின் மவுண்ட் ஹூட் மலையில் வழி தவறிப் பனிக்குகையில் இரவைக் கழித்த இருவர், தற்செயலாக ஒரு ஜியோகேச்சிங் பெட்டியைக் கண்டு, அதன் விவரத்தைப் போனில் சொன்னதால்தான் மீட்புக் குழு அவர்களை விரைவாக அடைந்தது. இருக்கும் இடத்தை இன்னொருவருக்குத் தெரிவிப்பது உயிரைக் காக்கும்.

இடம் சரியில்லை என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு போடுவதில் எந்த அவமானமும் இல்லை. ஏன் திரும்பினீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். அடுத்து வருபவர் பிழைப்பார்.

பெட்டி ஒளித்து வைத்திருப்பவர்களுக்கு: மழைக்காலம் தொடங்கும் முன் உங்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பாருங்கள். வடிகாலிலோ தண்டவாள ஓரத்திலோ மின்கம்பத்திலோ காப்புக்காட்டிலோ இருந்தால் இந்த வாரமே எடுத்துவிட்டு, வரைபடத்திலிருந்தும் நீக்கிவிடுங்கள்.