சென்னைக்கு ஒரு லட்சம் சுற்று

திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்குப் போகும் சாலையில், உத்தமர்சீலிக்குப் பக்கத்தில், மாலை ஐந்து மணி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவில் கிழக்கே போகப் போக வாழைதான். சாலையோரம் ஓர் ஆறு சக்கர லாரி. காலையில் வெட்டிய பூவன் தார்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, காய்ந்த வாழைச் சருகைப் பரப்பி, அதன்மேல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். லோடு ஏறும்போதே கிளீனர் பையன் இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றி வருகிறான். டயருக்கு ஒரு தட்டு. டங். டங். டங். பின்னால் இடது உள் டயரில் மட்டும் தொப்.

"அண்ணே, உள் டயரு இறங்கியிருக்கு."

"எவ்ளோ இருக்குன்னு மீட்டர் வெச்சுப் பாருடா. தட்டிப் பாத்தா காத்து இருக்கா இல்லையான்னுதான் தெரியும்" என்கிறார் டிரைவர்.

அவர் இன்று இரவு கிளம்பி விடியலுக்குள் கோயம்பேட்டில் தாரை இறக்க வேண்டும். அங்கிருந்து கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு நாக்பூர். திரும்பும்போது ஹைதராபாத், பெங்களூரு, தருமபுரி, சேலம், நாமக்கல் வழியாக வீடு. பன்னிரண்டு நாள் ஆகலாம். பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது என்றால் டீசல், பர்மிட், சமயபுரத்தில் ஒரு கற்பூரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கூடவே இரண்டு மணி நேரம் நின்ற பிறகு தெரிந்தது, அவர் செய்வது முழுக்க ஒரே வேலை. எங்கெங்கே சூடு பிறக்கும், அது எந்த வழியாக வெளியேறும் என்று பார்ப்பது.

டயரிலிருந்து தொடங்குவோம். 2018இல் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள பின் அச்சு 10.2 டன் சுமக்கலாம் என்றிருந்தது 11.5 டன் ஆனது. ஆறு சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்குப் போயிற்று. அதாவது பின்பக்க டயர் ஒவ்வொன்றின் தலையிலும் ஏறக்குறைய மூன்று டன். வளர்ந்த பெண் யானை ஒன்றின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். திருவானைக்காவல்காரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் சொல்ல முடியாது.

அந்த எடையில் டயரின் அடிப்பகுதி தரையில் சப்பையாகி, மேலே போகும்போது மறுபடி நிமிர்கிறது. ரப்பரை நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாக உள்ளேயே வைத்துக்கொள்கிறது. லாரி டயரின் சுற்றளவு மூன்றே கால் மீட்டர் அளவு. கிலோமீட்டருக்கு முந்நூறு சுற்று. திருச்சியிலிருந்து சென்னை 330 கிலோமீட்டர் என்றால் ஒரு லட்சம் சுற்று. ரப்பரின் ஒவ்வொரு துண்டும் ஒரு லட்சம் முறை நசுங்கி நிமிர்கிறது. காற்று குறைவாக இருந்தால் ஒவ்வொரு நசுங்கலும் ஆழமாகிறது, சூடு கூடுகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே பிறந்த சூடு உள்ளேயே தங்கும். ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைக்கும் இடையிலான பிடிப்பு மெல்ல விட்டுப்போகும். நெடுஞ்சாலை ஓரத்தில் பாம்புச் சட்டை மாதிரிக் கிடக்கும் டயர் பட்டைகளில் பல இப்படி வந்தவைதான். ரீட்ரெடிங் செய்த டயர் என்பதால் உரிந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். காற்று குறைந்து ஓடினால் புது டயரும் உரியும்.

ஜோடி டயரில் இன்னொரு சூது உண்டு. உள் டயர் இறங்கினால் வெளியே தெரியாது. வெளி டயர் இரண்டு யானையைச் சுமந்துகொண்டு ஓடும். அதனால்தான் அந்தக் கம்பி. தவிலின் வாரை இழுத்துக் கட்டினால் சுதி ஏறும், தளர்ந்தால் இறங்கும் அல்லவா, டயரின் பக்கச் சுவரும் அப்படியே. உள்ளிருக்கும் காற்று அதை இழுத்துப் பிடிக்கிற வரை டங். ஆனால் காது ஒரு முரட்டுக் கருவி. முழுக்க இறங்கிய டயரைக் கண்டுபிடிக்கும். நூற்றுப் பத்து பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூறு இருந்தால் ஏமாந்துவிடும். டிரைவர் மீட்டர் கேட்டது அதற்காக.

எப்போது பார்ப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் காற்று சூடானால் அழுத்தம் ஏறும் என்று பள்ளியில் படித்திருப்போம். முப்பது டிகிரியில் நூற்றுப் பத்து பவுண்டு பிடித்த டயர் எழுபது டிகிரிக்குச் சூடானால் மீட்டர் ஏறக்குறைய நூற்று இருபத்தாறு காட்டும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சியின் தார்ச்சாலையே அறுபது டிகிரியைத் தொடும் என்பதால் எழுபது பெரிய கணக்கல்ல. இந்தப் பதினாறு பவுண்டைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால், டயர் குளிர்ந்ததும் பற்றாக்குறையாகி, அடுத்த ஓட்டத்தில் இன்னும் சூடாகும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் மே மாத மதியம் சென்னைக்குப் போகும் வழியில் ஒரு பங்க்கில் காரை நிறுத்தி, சூடான டயரில் கூடுதல் காற்று இருக்கிறதென்று நானே கேட்டு இறக்கச் சொன்னேன். மறுநாள் காலை நான்கு டயரும் சப்பையாக என்னைப் பார்த்தன.

அடுத்தது ஹப். சக்கரத்தின் நடுவே பேரிங் உட்கார்ந்திருக்கும் இடம். கிரீஸ் வறண்டால் உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடாகும் என்பது தெரிந்ததுதான். அளவுக்கு மீறி அடைத்தாலும் சூடாகும். உருளைகள் அந்தக் களிம்பைக் கடைந்துகொண்டே ஓட வேண்டியிருக்கும். உருகிய கிரீஸ் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் வழிந்தால் பிரேக் பிடிக்காது. டீக்கடையில் வண்டி நின்றதும் நல்ல டிரைவர் முதலில் டீ சொல்ல மாட்டார். ஒவ்வொரு ஹப்பாகப் போய்ப் புறங்கையை அருகே கொண்டுபோவார். மூன்று வெதுவெதுப்பாக இருந்து நான்காவது மட்டும் சுட்டால், அங்கே ஏதோ இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பிரேக்குக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைத் தெரியும். அத்தனை பெரிய தேரின் வேகத்தையும் அந்தக் கட்டையின் உராய்வு தின்கிறது. திருவாரூர் ஆழித் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது நம் திருச்சி பெல் நிறுவனம். கட்டையோ ஹைட்ராலிக்கோ, பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் சாதனம். எவ்வளவு வெப்பம்? 18.5 டன் லாரி நூறு மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தியில் அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அத்தனையும் டிரம்முக்குள் போய்ச் சேரும். சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும். லைனிங்கில் உள்ள பிசின் கருகி வாயு விட, பிடிப்பு வழுக்கும். டிரைவர் மிதிப்பார், வண்டி கேட்காது.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் இது அடிக்கடி நடக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் அங்கே உண்டு. மிச்சமாவது சில ரூபாய். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுக்கும். சூட்டில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடும். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்பது பழைய டிரைவர்களின் பாடம். இயற்பியல் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. நம் டிரைவர் நாக்பூரிலிருந்து திரும்பும்போது அந்த இறக்கத்தில்தான் வர வேண்டும். லைனிங் தேய்மானத்தை உத்தமர்சீலியிலேயே குனிந்து பார்ப்பது அந்தப் பத்தாவது நாளுக்காக.

பிரேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கின் அடியில் இருக்கும் வால்வை இழுத்துத் தண்ணீரை வடிப்பதும் காலை வேலைகளில் ஒன்று. காற்றை அழுத்தினால் சூடாகும். டேங்கில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகத் தங்கும். விட்டால் வால்வுகள் துருப்பிடிக்கும். ரயிலுக்காக ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் கொண்டுவந்த காற்று பிரேக்தான் லாரி பிரேக்குக்கு முன்னோடி. இன்றைய லாரியில் நிறுத்தி வைக்கும் பிரேக்கை ஒரு கெட்டியான ஸ்பிரிங் பிடிக்கிறது. காற்று அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைக்கிறது. காற்று போனால் பிரேக் தானே விழும்.

ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், வீல் நட், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டியென்றால் 32.5 சதவீத யூரியாக் கரைசல். இவற்றையெல்லாம் அவர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்டேன். சிரித்தார். புகையைச் சுத்தம் செய்யும் பகுதியே பாழாகிவிடும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்றார்.

சூடு வண்டியில் மட்டும் இல்லை, லோடிலும் இருக்கிறது. வெட்டிய பிறகும் வாழைக்காய் மூச்சு விடுகிறது. சர்க்கரையைச் சிறுகச் சிறுக எரிக்கிறது. பத்து டன் தார் ஏற்றிய லாரிக்குள், குறைந்தது ஓர் இஸ்திரிப் பெட்டி இரவு முழுக்க எரிந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கூடவே எத்திலீன் வாயு. பழுக்கும் பழம் அந்த வாயுவை வெளிவிடுகிறது என்று 1934இல் ரிச்சர்ட் கேன் காட்டினார். ஒரு தார் பழுத்தால் பக்கத்துத் தார்களையும் அது எழுப்பிவிடும். ஏற்றும்போதே மஞ்சள் தட்டிய தாரைப் பொறுக்கி எறிவதும், தார்ப்பாயை முன்னும் பின்னும் கொஞ்சம் திறந்து கட்டுவதும், வெயில் சாய்ந்த பிறகே வண்டி எடுப்பதும் இதற்காகத்தான். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் வந்தது. சருகுப் படுக்கை அதற்கும் முந்தியது.

கடைசியாக ஓட்டுகிறவர். இங்கே கணக்கு தலைகீழ். மனித உடலின் வெப்பம் மிகத் தாழ்வது விடியற்காலை நான்கு மணியை ஒட்டி. கண் சொக்குவதும் அப்போதுதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று எழுதிவிட்டது. சந்தை திறக்கும் நேரம் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். மிகத் தாமதமாக வந்த நல்ல காரியம் என்பேன். நம் டிரைவரின் வண்டி பழையது. ஒரு ஈரத் துண்டு, ஒரு சின்ன மின்விசிறி.

ஏழு மணிக்கு வண்டி கிளம்பியது. கொள்ளிடம் பாலம் தாண்டி, சமயபுரம் பக்கம் ஓரங்கட்டி, டயருக்கு ஓர் எலுமிச்சம்பழம். இதற்கு அறிவியல் காரணம் தேட மாட்டேன். வாட்ஸ்அப்பில் தேடித் தந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனித்தேன். பழம் வைக்கக் குனிந்த பையன், இடது உள் டயரை மறுபடி ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். டங்.

கோடை விடுமுறைக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் காலையில், வண்டி உருளும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.