ஈனும் வேளையை அறிதல்

மும்பையின் செம்பூரை ஒட்டிய திலக் நகரில், வீட்டுவசதி வாரியம் முன்னாளில் எழுப்பிய தாழ்ந்த குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பெற்று, அவை நின்ற இடங்களில் நெடிய கட்டடங்கள் எழுந்துவரும் இந்நாளிலும், மாடிப்படியின் அடியிலோ, வாட்ச்மேன் அறையின் பின்புறத்திலோ, கட்டுமானத்துக்காகக் குவித்த மணலின் ஓரத்திலோ ஒரு பெட்டை நாய் பள்ளம் பறிக்கும் காட்சி குளிர்காலந்தோறும் காணக்கிடைப்பதே. நம் நாட்டுத் தெருநாய்களிற் பெரும்பாலானவை மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணைந்து, மழை ஓய்ந்து குளிர் பரவும் மாதங்களில் குட்டி ஈனும் இயல்புடையவை. அச்சமயத்தில் அந்த ஜீவனிடம் அன்பு கொண்ட சொசைட்டி மக்கள், ஒன்று, பதற்றத்தால் ஓயாமல் அருகிற் சென்று அதன் அமைதியைக் குலைக்கிறார்கள். அல்லது, எல்லாம் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விலகி, வைத்தியர் வரவேண்டிய நாழிகையைத் தவறவிடுகிறார்கள். பிரசவம் நெருங்குவதன் லட்சணங்கள் எவை, அவை எந்த வரிசையில் தோன்றுகின்றன, எக்காரணத்தால் தோன்றுகின்றன என்பவற்றை அறிந்தவர்க்கு இவ்விரு பிழைகளும் நேரா.

நாயின் கர்ப்பகாலம், சினைமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 63 நாட்கள். ஆனால் இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணுவோமாயின் அக்கணக்கு 57 நாட்களாகவும் குறையலாம். 72 நாட்களாகவும் நீளலாம். பிற பிராணிகளிற் பலவற்றைப் போலன்றி, நாயின் சினைமுட்டை முதிராத நிலையிலேயே வெளிப்பட்டு, பின்னர் இரண்டு மூன்று நாட்களில் முதிர்ச்சி பெறுகிறது. ஆணின் விந்தணுக்களோ பெட்டையின் உடலில் பல நாட்கள் உயிரோடிருக்க வல்லவை. ஆகவே இணைசேர்ந்த நாளும் கரு உருவான நாளும் ஒன்றாயிருக்கவேண்டிய அவசியமில்லை. வீட்டில் வளரும் நாய்க்கே பஞ்சாங்கக் கணக்கு இவ்வளவு தடுமாறுமாயின், எந்த நாளில் இணைந்தது என்று எவரும் குறித்துவைக்காத தெருநாய்க்கு அதன் சரீரம் ஒன்றே சாட்சி.

அச்சரீரம் முதலிற் சொல்லும் செய்தி மெல்லச் சொல்லப்படுவது. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு வயிறு பருக்கத் தொடங்குகிறது. கடைசி இரு வாரங்களில் மடி திரண்டு காம்புகள் தடிக்கின்றன. வயிற்றின் உரோமம் ஆங்காங்கே உதிர்ந்து காம்புகள் நன்கு தெரிகின்றன. முன்னர் ஈன்று பழகிய நாய்க்குப் பிரசவத்துக்குச் சில நாட்கள் முன்பே பால் சுரப்பதுண்டு. முதல் ஈற்று நாய்க்கோ குட்டி பிறக்கும் வேளையிலேதான் பால் இறங்கக்கூடும். எனவே பாலை மட்டும் பார்த்து நாள் குறிப்பது சரியாகாது. இறுதி நாட்களில் பிறப்புறுப்பு வீங்கி இளகுகிறது. தெளிந்த கோழை போன்ற திரவம் சிறிது கசியலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து செம்பூரில் நிலைபெற்ற குடும்பங்களின் மூத்தோர், பசு ஈனுமுன் மடி இறங்குவதையும் வாலடியின் இருபுறமும் குழி விழுவதையும் ஊரிலே கண்டறிந்தவர்கள். அதே பார்வை இங்கும் அவர்களுக்குத் துணை செய்யும். குட்டிகளின் தொகையை அறிய விரும்புவோர் 55-ஆம் நாளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். எலும்புகள் அப்போது நன்கு தெரியும். எத்தனை பிறக்கவேண்டும் என்று தெரிந்திருந்தால், பிரசவம் முடிந்ததா இல்லையா என்னும் ஐயத்துக்கே இடமிராது.

இனி, இவ்வடையாளங்களுள் தலையாயது எதுவென்று அறிவதற்கு, உள்ளே நிகழ்வதைச் சிறிது நோக்கவேண்டும். கர்ப்பத்தைக் காத்து நிற்கும் சுரப்பு புரோஜெஸ்டெரோன் என்பதாகும். சூலகத்தில் உண்டாகும் கார்பஸ் லூட்டியம் என்னும் திசுவே, நாய்க்குக் கர்ப்பகாலம் முழுவதும் இச்சுரப்பை அளிக்கிறது. கருப்பை சுருங்காமல் அடங்கிக் கிடப்பதற்கும், உடல் உஷ்ணம் தாழாமல் நிலைப்பதற்கும் இச்சுரப்பு காரணமாகிறது. கருப்பையினுள்ளே குட்டிகள் முதிர்ந்து, இடம் போதாத நெருக்கடியை உணரும் பருவத்தில், அவற்றின் உடல்களே கார்டிசால் என்னும் சுரப்பை மிகுவிக்கின்றன. அது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைத் தூண்ட, அப்பொருள் கார்பஸ் லூட்டியத்தை அழிக்கிறது. புரோஜெஸ்டெரோன் சட்டென்று வீழ்கிறது. பிரசவ நாழிகையைக் குறிப்பவை, ஆகவே, பிறக்கப்போகும் சிசுக்களே. தாயின் நடத்தையில் நாம் காணும் மாறுதல்களிற் பெரும்பாலானவை இந்த ஒரே வீழ்ச்சியின் வெளித்தோற்றங்கள்.

அவ்வீழ்ச்சியை நம் கண்ணுக்கு அளந்து காட்டும் கருவி தெர்மாமீட்டர். நாயின் சாதாரண உஷ்ணம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். காக்கும் சுரப்பு விலகியவுடன் அது 99 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. இறங்கியதிலிருந்து பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம் ஆரம்பமாகும். ஒரே ஒரு தடவை பார்த்த அளவு எதையும் உணர்த்தாது; கடைசி வாரத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் குறித்த நேரங்களில், வாஸலின் தடவிய தெர்மாமீட்டரை ஆசனவாயில் மெல்லச் செலுத்தி அளந்து, அளவுகளை எழுதிவைத்து ஒப்பிட்டால்தான் இறக்கம் புலப்படும். இந்த இறக்கம் சில மணி நேரமே நிலைத்துப் பின் ஏறிவிடுவதால் நம் கண்ணிற் படாமலும் போகலாம். தொட இடங்கொடாத தெருநாயை இதற்காகப் பிடித்து அடக்குவது தகாது; அதற்குப் பிற அடையாளங்களே போதும்.

அவற்றுள் முதன்மையானது கூடமைத்தல். பிரசவத்துக்கு ஓரிரு நாள் முன்னரே தாய் மண்ணைப் பறிக்கும். சாக்கையும் கந்தலையும் கிழித்துக் குவிக்கும். இருண்ட மறைவிடங்களை மாற்றி மாற்றி நோட்டம் பார்க்கும். எல்லோரோடும் பழகிய நாய் திடீரென்று ஒதுங்குவதும், ஒதுங்கியே இருந்த நாய் ஒருவர் காலையே சுற்றிவருவதும் இச்சமயத்தில் உண்டு. மேற்கு வங்கத்து மோகன்பூரில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் தெருநாய்களின் ஈற்றிடங்களை ஆராய்ந்து, தாய்கள் மனிதர் நடமாட்டத்துக்கு அருகிலேயே இடம் தேர்கின்றன என்று கண்டனர். மாடிப்படிக்கு அடியில் நாய் வந்து படுப்பது வழி தவறி வந்ததாகாது; உணவும் பாதுகாப்பும் நாடி அது செய்த தேர்வே என்பது இதனால் விளங்கும். ஈரம் ஏறாத ஒரு மூலையில் சாக்கும் பழந்துணியும் விரித்து, அருகில் தண்ணீர் வைத்து, குழந்தைகளைத் தள்ளி நிறுத்தினால் நாம் செய்யவேண்டியதிற் பெரும்பகுதி முடிந்தது. வேதனை தொடங்கியபின் இடம் மாற்றலாகாது. அச்சம் மிகுந்தால் கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் அடங்கி, பிரசவமே தடைப்படக்கூடும்.

பிரசவம் மூன்று கட்டங்களாக நிகழ்வது. முதற் கட்டத்தில் கருப்பைவாய் விரிகிறது. வெளியே நாம் காண்பதோ இருப்புக்கொள்ளாமை, மூச்சிரைப்பு, நடுக்கம், உணவு மறுத்தல், சில சமயம் வாந்தி, அடிக்கடி விலாவைத் திரும்பிப் பார்த்தல் ஆகியவை. இது 6 முதல் 12 மணி நேரம் நீடிக்கும். முதல் ஈற்றில் ஒரு நாள் வரையிலும் நீளலாம். அறியாதார் அஞ்சுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் இது பொறுத்திருக்கவேண்டிய காலம். இரண்டாம் கட்டத்தில் வயிறு இறுகித் தாய் முக்குவது தெளிவாகத் தெரியும், பனிக்குடம் தோன்றும், குட்டி வெளிப்படும். தலை முன்வருவதும் பின்கால்கள் முன்வருவதும் நாய்க்கு இயல்பானவையே. தாய் உறையைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கி நக்கிக் குட்டியை மூச்செடுக்கச் செய்யும். மூன்றாவதான நஞ்சுக்கொடி விழுதல் குட்டிகளின் இடையிடையே நடைபெறும்; அதைத் தாய் தின்றுவிடுவது இயற்கை. குட்டிக்குக் குட்டி அரைமணி முதல் ஒரு மணி வரை இடைவெளி இருக்கலாம்.

பொறுமைக்கு எல்லை எது என்பதும் இவ்வறிவிலேயே அடங்கியிருக்கிறது. உஷ்ணம் இறங்கி 24 மணி நேரம் கடந்தும் பிரசவம் தொடங்காமை, அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராமை, உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓய்ந்திருத்தல், முதற்குட்டி பிறக்குமுன்னரே கரும்பச்சைத் திரவம் வடிதல், மிகுந்த இரத்தப்போக்கு, ஈன்ற சில வாரங்களுக்குள் உடல் விறைத்து நடுங்குதல் ஆகிய இவை ஒவ்வொன்றும் வைத்தியரை அழைக்கவேண்டிய அபாயக்குறி. முதற்குட்டிக்குப் பின் வரும் பச்சை நிறம் நஞ்சுக்கொடி பிரிவதால் உண்டாவது. அந்நிறம் முதற்குட்டி பிறக்குமுன் தோன்றின், உள்ளிருக்கும் குட்டிக்குப் பிராணவாயு அற்றுப்போகிறது என்று பொருள். ஈன்றபின் வரும் விறைப்பு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குன்றுவதால் நேர்வது. அதைத் தடுப்பதாக எண்ணிக் கர்ப்பகாலத்தில் கால்சியம் மாத்திரைகளைத் தாமாகவே கொடுப்பவர்கள் அதையே வரவழைக்கிறார்கள். குட்டியை இழுப்பதும், கடையில் வாங்கிய ஊசியைத் தாமே போடுவதும் தாயையும் சேயையும் ஒருங்கே இழக்கச் செய்யலாம். இந்நகரத்தில் பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் மருத்துவமனை நெடுங்காலமாக நடைபெறுகிறது. 1886-இல் தொடங்கப்பெற்ற பம்பாய்க் கால்நடைக் கல்லூரியும் பரேலிலேயே உள்ளது. நடு இரவில் முகவரி தேடாதபடி, அருகிலுள்ள வைத்தியரின் எண்ணையும் வண்டி ஒன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது விவேகம்.

பிறந்த குட்டிக்குக் கண்ணும் செவியும் திறவா. கண் திறக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றலும் அதற்கு அப்போது இல்லை; தாயின் வெப்பமும், நோயைத் தடுக்கும் சக்தி நிறைந்த முதல் நாள் சீம்பாலுமே அதன் உயிர்த்துணை. ஆகவே குட்டிகளை எடுத்துக் கொஞ்சுவதையும் படம் பிடிப்பதையும் சில வாரங்கள் ஒத்திப்போடவேண்டும். பால்குடி மறந்தபின் தாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது அடுத்த கடமை. அடுத்தடுத்த ஈற்றுகளால் அது நலிவதையும், பிறக்கும் குட்டிகள் வண்டிச் சக்கரங்களுக்கு இரையாவதையும் நிறுத்த வேறு வழியில்லை. அதுவரையில், அஞ்சவேண்டிய குறிகளையும் அஞ்சவேண்டாதவற்றையும் பிரித்தறிந்தவர் ஒருவரேனும் ஒவ்வொரு சொசைட்டியிலும் இருப்பாராயின், தாய் தன் தொழிலைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். அதனால் இயலாதபோது உதவி உரிய நேரத்தில் வந்து சேரும்.