முறை தவறிய கட்டளை

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் திருகோணமலையில், 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8ஆம் திகதி ஒரு பெருவிபத்து நிகழ்ந்தது. 'வேலியன்ற்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைத் தாங்கி நின்ற மிதக்கும் 'டொக்' நடுவொடிந்து மூழ்கியது. உந்துசுழலிகளும் சுக்கானும் பழுதுற்ற நிலையில் கப்பல் மட்டும் தப்பியது.

மிதக்கும் டொக் எவ்வாறு தொழிற்படுகின்றது? அதன் அடியில் நீர்த்தொட்டிகள் பல உள. அவற்றிற் கடல்நீரை நிரப்பினால் டொக் தாழும்; கப்பல் உள்ளே வந்து நிற்கும். நீரை வெளியேற்றினால், கப்பலைச் சுமந்தவாறே டொக் உயரும். எத்தொட்டியை முன்னர் வெறுமையாக்குவது, எதனைப் பின்னர் என்பது கப்பலின் பாரம் பரந்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. அன்று அவ்வொழுங்கு பிழைத்தது. கப்பலில் வெடிமருந்துப் பாரமும் நிறைந்திருந்தது. நீரை வெளியேற்ற வேண்டியது உண்மையே; வெளியேற்றிய வரிசையே கேடாயிற்று.

இப்பழைய கதையை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அதே திருகோணமலையின் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில், இளைஞர்கள் கணினி விஞ்ஞானம் பயில்கின்றனர். படங்களைத் தொட்டு இயக்குவதை விடுத்து, எழுத்துக்களாற் கட்டளையிட்டு இயக்கும் மென்பொருள்களும் கணினி பயில்வோர் கற்கவேண்டியவை. அங்கும் வரிசையே உயிர்நாடி.

'தார்' என்றொரு கட்டளை உண்டு. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இடம்பெற்ற மூத்த கட்டளை அது. பல கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டித் தரும். அதில் 'சி' என்பது 'பொதி செய்' என்று பொருள்படும். 'எஃப்' என்பது 'பொதியின் பெயர் அடுத்து வருகின்றது' என்று பொருள்படும். ஒரு மாணாக்கர் பொதியின் பெயரை எழுத மறந்து, தாம் வருந்தி எழுதிய மூன்று கட்டுரைகளின் பெயர்களை மட்டும் கொடுத்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். கணினி முதற் கட்டுரையின் பெயரையே பொதியின் பெயராகக் கொள்ளும். அக்கட்டுரை அழிந்து, அதனிடத்தில் ஏனைய இரண்டின் பொதி அமரும். அழிப்பதற்கு முன் அனுமதியும் கேளாது.

உதவிப் பக்கம் இதனை உணர்த்துகின்றதா? குனூ அமைப்பின் 'தார்' உதவிப் பக்கம் மூன்று எடுத்துக்காட்டுகளுடன் தொடங்குகின்றது, அது பாராட்டுக்குரியது. ஆயினும் பின்வரும் நீண்ட பட்டியல், அறிந்தோர்க்கு நினைவூட்டுமேயன்றி அறியாதார்க்கு வழிகாட்டாது. வேறு பல பக்கங்களில் எடுத்துக்காட்டே இராது. பகர அடைப்புக்குள் இருப்பதை விரும்பினாற் சேர்க்கலாம் என்பது மரபு. அதனை அறியாத புதியவர், அடைப்புக்குறியையும் சேர்த்தே எழுதித் திகைப்பர்.

இக்குறை எவ்வாறு நேர்கின்றது? எழுதுவோர் பெரும்பாலும் அம்மென்பொருளை ஆக்கியோர் அல்லது நன்கறிந்தோர். தமக்குத் தெளிவானது பிறர்க்கும் தெளிவென எண்ணிவிடுகின்றனர். மருந்துப் போத்தலில் 'தினம் மூன்று' என எழுதி, உணவுக்கு முன்னோ பின்னோ என்பதை எழுதாது விடுவதும் இத்தகையதே அன்றோ?

பரிகாரமும் உண்டு. 2013இல் தொடங்கப்பெற்ற 'டீஎல்டீஆர்' என்னும் தொண்டர் முயற்சி, ஒவ்வொரு கட்டளைக்கும் எட்டுக்கு மேற்படாத எடுத்துக்காட்டுகளைக் கொண்ட சிறு பக்கங்களை வெளியிடுகின்றது. தமிழிலும் சில பக்கங்கள் உள. இன்னும் எழுதப்படவேண்டியவை மிகப் பல.

மாணவ நேயர்களே! ஒரு கட்டளையைக் கற்றவுடன் மூன்று செய்திகளைக் குறித்து வையுங்கள்: சரியான எடுத்துக்காட்டு ஒன்று; சொற்கள் நிற்கவேண்டிய வரிசை; அவ்வரிசை மாறினால் விளையும் தீங்கு. கற்ற புதிதில், ஐயங்கள் இன்னும் மறவாத வேளையில் எழுதும் குறிப்பே அடுத்து வருவோர்க்குப் பெரிதும் பயன்படும். அதனைத் தமிழில் எழுதினால், ஆங்கிலத்திற்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் தம்பி தங்கையர்க்கும் அது வழித்துணையாகும்.