போதும் என்ற கணக்கு: திருவண்ணாமலை காட்டும் எளிய வாழ்க்கை

தனக்கு எவ்வளவு போதும் என்பதை ஒருவர் தாமே முடிவுசெய்து, அந்த அளவுக்குள் நிறைவாக வாழ்வது எளிய வாழ்க்கை. வறுமை சூழ்நிலையால் வந்து சேர்வது. எளிமை விரும்பி ஏற்பது. பெரிய சம்பளம், பதவி, சொத்து இவற்றைத் தேடிப் போகும் வாய்ப்பு இருந்தும் வேறு வழியைத் தேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வந்து தங்கும் ஊர் என்ற பெயர் திருவண்ணாமலைக்கு உண்டு.

மூன்று ரூபாய்

இந்த வரலாற்றில் நன்கு பதிவான தொடக்கம் 1896ஆம் ஆண்டு. மதுரையில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன் ஆகஸ்ட் 29 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதற்காக அவன் கையில் ஐந்து ரூபாய் கொடுத்திருந்தார்கள். பழைய தேசப்படத்தைப் பார்த்து ரயில் கட்டணத்தைக் கணித்து, மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலை அடைந்தான். கையில் மிஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தான்; வேட்டியைக் கிழித்துக் கோவணம் மட்டும் வைத்துக்கொண்டான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான்.

இந்த முடிவுக்கு வீட்டார் கொடுத்த விலையும் உண்டு. தாய் அழகம்மாள் 1898இல், அவர் அப்போது தங்கியிருந்த பவழக்குன்றுக்கு வந்து, மகனைத் திரும்ப அழைத்து, அழுது, அவர் இல்லாமலே ஊர் திரும்பினார். 1916இல் அவர் மகனிடமே வந்து தங்கினார். மலைமேல் அவர்கள் தங்கிய கந்தாசிரமத்தில் அடுப்பு எரியத் தொடங்கியது அவரால்தான். 1922இல் அவர் மறைந்தபின், மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி வளர்ந்ததே இன்றைய ரமணாசிரமம்.

எளிமையின் உழைப்பு

எளிமையாக வாழ்வதைச் சோம்பலாக நினைப்பவர்களுக்கு ஆசிரமத்தின் சமையற்கட்டு பதில் சொல்லும். ரமணர் பல ஆண்டுகள் விடியலுக்கு முன்பே எழுந்து அங்கே காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார். தரையில் சிந்திய கடுகைப் பொறுக்கி எடுத்தார். கடிதங்களில் எழுதாமல் விட்ட வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் குறிப்பேடு தைத்தார். மலைமேல் இருந்த காலத்தில் கோவணம் கிழிந்தால் முள்ளே ஊசி. அதே துணியிலிருந்து உருவிய இழையே நூல். பந்தியில் எல்லோருக்கும் என்ன பரிமாறினார்களோ அதுவே தமக்கும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

அவரைச் சுற்றி வாழ்ந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் தமிழாசிரியராக இருந்த முருகனார் 1923இல் வந்து ரமணரைப் பார்த்தார். சில ஆண்டுகளில் வேலையை விட்டு இங்கேயே தங்கினார். ஆசிரமத்தை அடுத்த பலாக்கொத்தில் சாதுக்கள் போட்டிருந்த குடிசைகளே அவருடைய உலகம். அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான செய்யுள்களை எழுதினார். இராணுவத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயர் மேஜர் சாட்விக் 1935இல் வந்து, 1962இல் காலமாகும் வரை ஆசிரமத்தையே வீடாகக் கொண்டார்.

1938இல் இங்கு வந்துபோன ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம், 1944இல் வெளியிட்ட 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில், பணமும் பதவியும் வேண்டாமென்று ஞானம் தேடிப்போகும் இளைஞன் ஒருவனின் கதையைச் சொன்னார். எவ்வளவு போதும் என்ற கேள்வி வசதியான நாடுகளின் வாசகர்களுக்கும் அப்படிப் போய்ச் சேர்ந்தது.

1959இல் இந்த ஊருக்கு வந்து தங்கியவர் யோகி ராம்சுரத்குமார். வடநாட்டில் ஆசிரியராக இருந்தவர். பகலில் ரயில் நிலையத்துக்கு அருகே புன்னை மரத்தடியிலும், இரவில் தேரடி அருகே பாத்திரக்கடை வாசலிலும் பல ஆண்டுகள் கிடந்தார். கையில் பனையோலை விசிறியும் கொட்டாங்குச்சியும் இருந்ததால் ஊரார் அவரை விசிறி சாமியார் என்றே அழைத்தார்கள். தம்மைப் பிச்சைக்காரன் என்றே சொல்லிக்கொண்ட அவர் 2001இல் மறைந்தார்.

துறவு கட்டாயமில்லை

வேலையை விட்டுவிடலாமா, சந்நியாசம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தவர்களை ரமணர் பெரும்பாலும் ஊக்குவிக்கவில்லை. எங்கே போனாலும் மனமும் கூடவே வரும் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். குடும்பத்தில் இருந்தபடியே, பற்றில்லாமல் கடமையைச் செய்யலாம் என்றார். வீட்டைவிட்டு வந்த ஒருவரே இதைச் சொன்னதால் இந்தச் சொல்லுக்குக் கூடுதல் எடை உண்டு. ஆகவே எளிமை என்பது ஊரை மாற்றுவதிலோ உடையை மாற்றுவதிலோ தொடங்குவதில்லை.

இல்லறத்தோடு கூடிய எளிமைக்கு இன்றைய உதாரணங்களும் இங்கே உண்டு. மொட்டையாகிக் கிடந்த மலையில் 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் மரக்கன்று நட்டு வருகிறார்கள். கோடையில் தீ பரவாதபடி புல்லைச் செதுக்கித் தடுப்புக்கோடு போடுகிறார்கள். கணந்தம்பூண்டியில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் பாடத்தோடு விவசாயமும் கைத்தொழிலும் பழகுகிறார்கள். இத்தகைய வேலைகளில் வருமானம் குறைவு, உடலுழைப்பு அதிகம், பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும். தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்கள்தான் இவற்றில் நிலைக்கிறார்கள்.

ஊரின் பங்கு

யாரும் தனியாக எளிமையாய் வாழ்ந்துவிடுவதில்லை. ரமணருக்கு எச்சம்மாள் என்ற அம்மையார் 1907 முதல் தாம் இறக்கும் வரை தினமும் சோறு கொண்டுபோனார். கோயிலிலும் ஆசிரமங்களிலும் சாதுக்களுக்கு இன்றும் சாப்பாடு போடுகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானம் செய்கிறவர்கள் கடைக்காரர்களும் விவசாயிகளும் சம்பளக்காரர்களும்தான். ஒருவர் தேவையைக் குறைத்து வாழ்வதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அந்தக் கடனை உணராத எளிமை, சுமையை அடுத்தவர் தலையில் இறக்கிவைப்பதாகவே முடியும்.

நிலைமையும் மாறியிருக்கிறது. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் அமைதி தேடிக் குவியக் குவிய, மலையைச் சுற்றி நிலத்தின் விலையும் வீட்டு வாடகையும் ஏறின. ஒருகாலத்தில் குறைந்த செலவில் வாழ முடிந்த ஊரில் இன்று உள்ளூர்க் கூலிக் குடும்பங்களே வாடகைக்குத் திணறுகின்றன. எளிமையை நாடி வருகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

கடன் இருப்பவர்கள் முதலில் கடனை அடைக்கவேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கும் பெற்றோரின் மருத்துவத்துக்கும் வழிசெய்யாமல் வேலையை உதறுவது எளிமை ஆகாது. அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. வீட்டில் உள்ளவர்களின் சம்மதமும் வேண்டும். அதன்பின் ஒரு மாதச் செலவை எழுதிப் பார்த்து, எது தேவைக்கு, எது பிறர் பார்வைக்கு என்று பிரித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். மிச்சமாகும் நேரத்தை எந்த வேலைக்குத் தருவது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யவேண்டும். தேவையைக் குறைத்து, உழைப்பைக் குறைக்காமல் வாழ்ந்தவர்களையே திருவண்ணாமலை நினைவில் வைத்திருக்கிறது. இதைப் பின்பற்ற யாரும் இந்த ஊருக்குக் குடிவரவேண்டியதில்லை. இருக்கும் வீட்டிலேயே தொடங்கலாம்.