‘ட்ரோல்’ – பூதமா, தூண்டிலா?

2003-ல் கம்ப்யூட்டர் வாங்கிய புதிது. துபாயில் இருந்த அண்ணனுக்கு, அப்பாவின் ஆபரேஷன் பற்றி மெயில் எழுதிக் கொண்டிருந்தேன். ஒரு மணி நேரமாகத் தட்டித் தட்டி டைப் செய்த கடிதம். எழுத்துக்கள் பொடியாகத் தெரிந்தன. இன்னொரு விண்டோவில் சாட் ரூம் திறந்திருந்தது. எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று அங்கே கேட்டேன். “மெயில் விண்டோவுக்குப் போய் ஆல்ட் கீயை அழுத்திக் கொண்டு எப்4 தட்டுங்கள்” என்று உடனே பதில் வந்தது. தட்டினேன். விண்டோ மூடிக் கொண்டது, கடிதமும் போயிற்று. ஆல்ட்+எப்4 என்பது விண்டோவை மூடும் கீ என்று அப்போது எனக்குத் தெரியாது. சாட் ரூமில் ஒரே சிரிப்பு. “உங்களை ட்ரோல் செய்துவிட்டார்கள்” என்றார் ஒருவர்.

டிக்‌ஷனரியைப் புரட்டினேன். நார்வே பக்கத்துக் கதைகளில் மலைக் குகைகளில் வாழும் பூதம் என்றிருந்தது. பூதத்திற்கும் என் கடிதத்திற்கும் என்ன சம்பந்தம்? விடை அதற்கடுத்த பொருளில் இருந்தது. ஓடும் படகின் பின்னால் இரை கோர்த்த தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். (நம் கடற்கரையில் சொல்லும் ‘டிராலர்’ வேறு, அது வலையை இழுக்கும் படகு.)

இந்தத் தூண்டில் கம்ப்யூட்டருக்குள் வந்தது யூஸ்நெட் வழியாக. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் 1980-ல் தொடங்கிய செய்திக் குழுக்களின் அமைப்பு அது. அதில் வதந்திகளை அலசுவதற்கென்றே ‘ஆல்ட்.போக்லோர்.அர்பன்’ என்றொரு குழு. அங்கே 1990-களின் தொடக்கத்தில் பழைய உறுப்பினர்கள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். பலமுறை பேசித் தீர்ந்த கேள்வியை, ஒன்றும் தெரியாதவர்போல் மறுபடி போடுவார்கள். புதிதாக வந்தவர் பதறிப் போய் பக்கம் பக்கமாகத் திருத்தம் எழுதுவார். பழையவர்கள் தங்களுக்குள் சிரித்துக் கொள்வார்கள். இதற்குப் பெயர் ‘புதியவர்களுக்குத் தூண்டில் போடுதல்’. யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு சண்டை மூட்டுபவர்களும் வசைபாடுபவர்களும் இந்தப் பெயருக்குள் புகுந்தார்கள். தூண்டில் மறந்து போய், பூதம் நிலைத்துவிட்டது. இன்று தமிழிலும் ஒரு நடிகரைக் கிண்டல் செய்து படம் போட்டால் ‘ட்ரோல்’ என்கிறோம். அதில் இரையே கிடையாது, வெறும் கேலிதான். என்னைக் கேட்டால், அந்த ஆல்ட்+எப்4 ஆசாமிதான் சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கமானவர். ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

எழுத்தைப் பெரிதாக்க, கன்ட்ரோல் கீயுடன் கூட்டல் குறியைத் தட்டினால் இன்றைய பிரவுசர்களில் போதும். அண்ணனுக்கான கடிதத்தை மறுநாள் நோட்பேடில் டைப் செய்து, சேவ் செய்து, அதன் பிறகே மெயிலில் ஒட்டினேன்.